பெயர் எட்டு, எண் பதினான்கு: மெஷ் கோப்பில் விளக்கம் இல்லாத புலங்கள்

கேள்வி: ஐயா, மெஷ் (ஒரு வடிவத்தைச் சிறு முக்கோணங்களாகவும் நான்முகிகளாகவும் பிரித்த வலை) பின்னும் நெட்ஜென் என்ற மென்பொருள் எழுதித் தரும் ‘வோல்’ கோப்பைப் படித்து, ஜிமெஷ் என்ற இன்னொரு மெஷ் மென்பொருளின் 2.2 வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பரப்பு முக்கோணங்களுக்கு மேலே இருக்கும் குறிப்பு வரியில் எட்டுப் பெயர்கள்தான் இருக்கின்றன: சர்ஃப்நர், பிசிநர், டோம்இன், டோம்அவுட், என்பி, பி1, பி2, பி3. ஆனால் என் கோப்பில் வரிக்குப் பதினான்கு எண்கள். மிச்சம் இருக்கும் ஆறும் பரப்புக்குச் செங்குத்தான இரண்டு திசையன்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஓரலகுக் கனசதுரத்தில் எல்லாம் 0-க்கும் 1-க்கும் நடுவில் இருந்ததால் சரியாகவே பட்டது. ஆரம் 5 உள்ள உருளையைப் போட்டதும் இப்படி வருகிறது:

1 1 1 0 3 17 43 42 6.28319 2.5 6.08684 3.5 6.08684 2.5

விளிம்புப் பகுதியிலும் குழப்பம். இரண்டாவது நெடுவரிசை எப்போதும் 0. ஒரே விளிம்பு இரண்டு தடவை வருகிறது. கையேட்டில் தேடிப் பார்த்துவிட்டேன், விளக்கம் கிடைக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் என்ன பொருள்? புரியாத இடத்தில் 0 போட்டுவிட்டுப் போய்விடலாமா?

பதில்: வணக்கம். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்புறம் பேசலாம். அந்த ஆறு எண்கள் திசையன்கள் இல்லை. முக்கோணத்தின் ஒவ்வொரு மூலைக்கும் யு, வி என்று இரண்டு எண்கள். மூன்று மூலைக்கு ஆறு. மூல வடிவத்தின் பரப்பில் அந்த மூலை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. பூமியின் மேல் ஓர் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துச் சொல்கிறோம் இல்லையா, அதே வேலைதான்.

உங்கள் வரியையே பிரித்துப் பார்ப்போம். முதல் ஐந்து எண்கள்: பரப்பு 1, எல்லை நிபந்தனை எண் 1 (விசை, பிடிமானம் போன்றவற்றை அந்தப் பரப்புக்குக் கொடுக்க உதவும் அடையாளம்), உள்பக்கம் வடிவத்தின் 1-ஆம் பகுதி, வெளிப்பக்கம் 0 (அதாவது ஒன்றுமில்லை), மூலைகள் 3. அடுத்து 17, 43, 42 என்ற புள்ளி எண்கள். அதற்கு அடுத்த ஆறை இரண்டிரண்டாகப் பிரித்தால், 17-க்கு (6.28319, 2.5), 43-க்கு (6.08684, 3.5), 42-க்கு (6.08684, 2.5). உருளைப் பரப்பில் யு என்பது ரேடியனில் கோணம், வி என்பது அச்சின் வழியே உயரம். இப்போது கோப்பின் புள்ளிப் பகுதிக்குப் போய் 42-ஆம் புள்ளியைப் பாருங்கள். உங்கள் உருளை ஆதிப்புள்ளியில் ஆரம்பித்து இசட் திசையில் நிற்கிறது என்றால் அது 4.9039, −0.9755, 2.5 என்று இருக்க வேண்டும். 6.08684-இன் கொசைனை 5-ஆல் பெருக்கினால் 4.9039, சைனைப் பெருக்கினால் −0.9755. வி அப்படியே இசட். மூன்றும் பொருந்தினால் ஊகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் எனக்குப் பிடித்தது 17-ஆம் புள்ளிதான். அதன் கோணம் 6.28319, அதாவது 2π. அதே புள்ளியைத் தொடும் மற்ற முக்கோணங்களைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு முக்கோணத்தில் அதே 17-க்கு யு 0 என்று எழுதியிருக்கும். தவறு ஒன்றும் இல்லை. உருளையை ஒரு தாளைச் சுருட்டிய மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தாளின் இரண்டு ஓரங்களும் சேரும் தையலில் இருக்கிறது அந்தப் புள்ளி. ஒரு பக்கத்திலிருந்து வந்தால் 0, மறுபக்கத்திலிருந்து வந்தால் 2π. இந்த எண்களைப் புள்ளிப் பகுதியில் ஒரே ஒரு தடவை எழுதாமல் முக்கோணத்துக்கு முக்கோணம் திரும்ப எழுதியிருப்பதன் காரணமும் இதில் இருக்கிறது. புள்ளிக்கு ஒரு ஜோடிதான் என்று நீங்கள் உங்கள் நிரலில் சேமித்தால், தையலை ஒட்டிய முக்கோணம் ஒன்று உருளையைச் சுற்றி முழு வட்டம் அடித்துவிடும்.

சரி, குறிப்பு வரியில் இது ஏன் இல்லை? கோப்பின் தொடக்கத்தில் ‘ஜியோம்டைப்’ என்ற சொல்லுக்குக் கீழே ஓர் எண் இருக்கும். உங்களுடையதில் 12 இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்கான குறியீடு அது: 0 என்றால் வடிவமே இல்லை, 1 இருபரிமாணம், 10 சிஎஸ்ஜி (எளிய திண்மங்களைக் கூட்டியும் கழித்தும் செய்த வடிவம்), 11 எஸ்டிஎல் (வெறும் முக்கோணங்களால் ஆன வடிவக் கோப்பு), 12 ஓப்பன் கேஸ்கேட் (வளைபரப்புகளை வளைபரப்பாகவே வைத்திருக்கும் வடிவ நூலகம்). இதைப் பொறுத்துப் பரப்புப் பகுதியின் தலைப்புச் சொல் மாறும். சாதாரணமாக ‘சர்ஃபேஸ்எலிமென்ட்ஸ்’. எஸ்டிஎல் என்றால் அதன் வாலில் ‘ஜிஐ’ ஒட்டிக்கொள்ளும், மூலைக்கு ஓர் எஸ்டிஎல் முக்கோண எண் கூடும். ஓப்பன் கேஸ்கேட் என்றால் ‘யுவி’ ஒட்டும், மூலைக்கு இரண்டு எண்கள் கூடும். ஆனால் தலைப்புக்கு மேலே போகும் அந்தக் குறிப்பு வரி மட்டும் எல்லா வகைக்கும் ஒன்றேதான். பெயர்ப்பலகையில் எட்டுப் பேர், வீட்டுக்குள்ளே பதினான்கு பேர்.

ஆகவே உங்கள் நிரலில் பதினான்கு என்று எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். ஐந்தைப் படியுங்கள், ஐந்தாவது எண் சொல்லும் அளவுக்குப் புள்ளி எண்களைப் படியுங்கள், மிச்சம் எத்தனை என்பதைத் தலைப்புச் சொல்லை வைத்து முடிவு செய்யுங்கள். நாளைக்கே இரண்டாம் படி எலிமென்ட் (பக்கங்களின் நடுவிலும் புள்ளி உள்ள மெஷ் துண்டு) வந்தால் மூலையும் நடுப்புள்ளியும் சேர்த்து 6 புள்ளிகள், 12 யுவி எண்கள், மொத்தம் 23.

கனசதுரம் உங்களை ஏமாற்றிய கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் விழாதவர்கள் குறைவு. சமதளப் பரப்பில் யு, வி இரண்டும் அந்தத் தளத்தில் அளந்த நீளங்கள். ஓரலகுக் கனசதுரத்தில் நீளம் 1, பரப்பளவு 1, கனஅளவு 1, அலகுத் திசையனின் கூறுகளும் 0, 1 தான். எந்த ஊகத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் அந்தக் கனசதுரம் ‘ஆமாம்’ என்றே தலையாட்டும். சோதனைக்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது 2, 3, 7 அளவுள்ள ஒரு பெட்டி. ஒரு மூலை (10, 20, 40) என்ற இடத்தில். கோப்பில் 7 வந்தால் அது ஒரே ஒரு பக்கத்தின் நீளம். 21 வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒய் ஆயமாகவும் இருக்கலாம், 3-ஐ 7-ஆல் பெருக்கிய பரப்பளவாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் வந்தால் பெட்டியை ஒய் திசையில் 100 தள்ளிவிட்டு மறுபடி எழுதச் சொல்வேன். அதோடு இன்னொரு பெட்டியை ஒட்டவைத்து அதற்கு வேறு மெட்டீரியல் கொடுத்துவிட்டால் டோம்இன், டோம்அவுட் இரண்டும் பளிச்சென்று பிரிந்து தெரியும்: வெளிச் சுவரில் ஒரு பக்கம் 0, நடுச் சுவரில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2.

ஒரு கோப்பை எழுதி, ஒரே ஒரு விஷயத்தை மாற்றி இன்னொன்றை எழுதி, இரண்டையும் ஒப்பிடுவது பழைய வழி. நல்ல வழிதான், ஆனால் மெஷ் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வடிவத்தில் கொஞ்சம் கை வைத்தால்கூட மெஷ் முழுக்கப் புதிதாகப் பின்னப்பட்டு, புள்ளி எண்கள் எல்லாம் இடம் மாறி, ஒப்பீட்டில் எல்லா வரியும் சிவப்பாகிவிடும். முதலில் வடிவத்தைத் தொடாமல் எல்லை நிபந்தனை எண்ணை மட்டும் மாற்றுங்கள், அல்லது பகுதியின் பெயரை.

இன்னும் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. புரியாத எண்ணைக் கையால் மாற்றி, அந்த மென்பொருளிலேயே கோப்பைத் திறந்து, எதுவும் செய்யாமல் மறுபடி சேமித்துப் பாருங்கள். உங்கள் விளிம்புப் பகுதியின் இரண்டாவது நெடுவரிசையில் 0-க்குப் பதில் 99 போட்டுத் திறந்து சேமித்தால் திரும்ப 0 வந்து நிற்கும். ஏன் என்பது மூல நிரலைப் பார்த்தால் தெரியும். படிக்கும் பகுதி அந்த எண்ணை ஒரு தற்காலிக மாறியில் வாங்கி அப்படியே விட்டுவிடுகிறது. எழுதும் பகுதி கண்ணை மூடிக்கொண்டு 0 எழுதுகிறது. அந்த 0-க்குப் பொருள் தேடி நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. வெறும் இடம்பிடிப்பான்.

நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. கோப்பில் உள்ள ஓர் எண்ணுக்குப் பொருள் கொடுப்பது அதைப் படிக்கும் நிரல். எழுதுகிற பக்கம் பழைய பழக்கத்தில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கலாம். குறிப்பு வரி பொய் சொல்லலாம். படிக்கிற பக்கம் அந்த எண்ணை என்ன செய்கிறது என்பதில் மட்டும் பொய் இருக்காது. நெட்ஜென் திறந்த மூல மென்பொருள். மெஷ் வகுப்பின் சி பிளஸ் பிளஸ் கோப்பில் ‘சேவ்’, ‘லோட்’ என்று இரண்டு செயல்கூறுகள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் படித்தால், ஒரு வாரம் எண்களை வெறித்துப் பார்ப்பதைவிட அதிகம் கிடைக்கும். லோட்-ஐ முதலில் படியுங்கள்.

படிக்கும்போது சில குறிப்புகள் ஜெர்மன் மொழியில் வரும், பயப்பட வேண்டாம். இந்த மென்பொருளை உருவாக்கிய யோவாகிம் ஷோபர்ல் ஆஸ்திரியாக்காரர். 1997-இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். விளிம்பின் முதல் எண்ணைப் பற்றி அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கோப்பின் குறிப்பு வரி அதை ‘சர்ஃப்ஐடி’, அதாவது பரப்பு எண் என்கிறது. மூல நிரலில் அதே இடத்தில் உள்ள குறிப்போ, இருபரிமாணத்தில் எல்லை எண், முப்பரிமாணத்தில் ‘எத்தனையாவது விளிம்பு’ என்கிறது. இரண்டு குறிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நடைமுறையில் முப்பரிமாண மெஷ்ஷில் அது பரப்பு எண்ணாகவே பயன்படுகிறது.

உங்கள் ‘ஒரே விளிம்பு இரண்டு தடவை’ கேள்விக்கும் விடை அந்த முதல் எண்ணில்தான். நெட்ஜென் விளிம்பைப் பரப்பின் வேலி போலப் பார்க்கிறது. இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் அந்த வேலித்துண்டு இரண்டு பேருக்கும் சொந்தம். ஆளுக்கு ஒரு பதிவு. இரட்டையாக வரும் இரண்டு வரிகளையும் எடுத்துப் பாருங்கள்: முதல் எண் வேறு வேறாக இருக்கும், புள்ளிகளின் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். ஜிமெஷ்ஷுக்கு மாற்றும்போது இரண்டையும் அப்படியே எழுதினால் ஒரே கோட்டின் மேல் இரண்டு கோட்டு எலிமென்ட்கள் விழும். கோட்டின் மேல் விசை கொடுக்கிறவர் இரண்டு மடங்கு விசை கொடுத்துவிட்டுக் காரணம் தெரியாமல் அலைவார். இரண்டு புள்ளி எண்களையும் சிறியது முதலில் என்று வரிசைப்படுத்தி, ஏற்கனவே வந்த ஜோடி என்றால் தள்ளிவிடுங்கள்.

அந்த வரியில் மற்ற எண்கள்: மூன்றும் நான்கும் புள்ளிகள். ஐந்தும் ஆறும் எஸ்டிஎல் முக்கோண எண்கள், உங்களுக்கு வேண்டியதில்லை. ஏழும் எட்டும் முப்பரிமாணத்தில் பரப்பு எண்கள், இருபரிமாணத்தில் இரண்டு பக்கத்துப் பகுதி எண்கள். குறிப்பு வரியில் சாய்கோடு போட்டு இரண்டு பெயர் எழுதியிருப்பது அதனால்தான். முப்பரிமாணத்தில் எழுதும்போது இவற்றோடு 1 கூட்டப்படுகிறது, படிக்கும்போது 1 கழிக்கப்படுகிறது. கோப்பில் 0 என்று பார்த்தால் உள்ளே அது −1. பைத்தானில் −1 என்பது பட்டியலின் கடைசி உறுப்பைக் காட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான பரப்பு மட்டும் வந்து சேரும். கடைசி நான்கு எண்கள், அந்தத் துண்டின் இரு முனைகளும் மூல வடிவத்தின் எந்த விளிம்பில், எந்த இடத்தில் இருக்கின்றன என்பதற்கானவை. ‘டிஸ்ட்’ என்று பெயர் இருப்பதால் தூரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைகோட்டின் அளவுரு என்றுதான் பெரும்பாலும் படிக்க வேண்டும், அதுவும் வடிவத்தின் வகையைப் பொறுத்து மாறும்.

மூல நிரல் கிடைக்காத மென்பொருள் என்றால்? பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மூடிய மென்பொருள் ஒன்றின் மெஷ் கோப்பு. ஒவ்வொரு முக்கோணத்தின் முடிவிலும் 7 என்று ஓர் எண். என்னிடம் இருந்த இருபது முப்பது கோப்பிலும் 7 தான். சரி, ஏதோ நிலையான குறி என்று என் நிரலில் 7 என்றே எழுதிவிட்டேன். மாதக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒருவர் நாற்கர மெஷ்ஷை முக்கோணமாக உடைத்துக் கொண்டுவந்தார். அதில் 3, 5, 6 எல்லாம் வந்தன. ஒரு நாள் முழுக்க அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் சலித்துப்போய் இரும எண்ணாக எழுதிப் பார்த்தேன்: 111, 011, 101, 110. மூன்று பக்கங்களுக்கு மூன்று பிட்கள்! உண்மையான பக்கம் என்றால் 1. நாற்கரத்தை வெட்டியதால் வந்த மூலைவிட்டம் என்றால் 0. என் பழைய கோப்புகள் எல்லாம் பிறவியிலேயே முக்கோணமானவை, அதனால் எல்லாம் 111. மாறாத எண் என்று ஒன்று கண்ணில் பட்டால், அதை மாற்றக்கூடிய மாதிரி இன்னும் நம் கைக்கு வரவில்லை என்றுதான் இப்போது எடுத்துக்கொள்கிறேன். மூடிய மென்பொருளில் இந்த வேலைக்கு இறங்குமுன் அதன் உரிம ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்; உருவாக்கியவர்களிடம் நேரடியாகக் கேட்டால் ஒரு பக்க விளக்கம் கிடைத்துவிடுவதும் உண்டு.

இனி, 0 போடலாமா என்ற கேள்வி. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வோல் கோப்பிலிருந்து ஜிமெஷ் 2.2-க்கு என்றால் 0 போட வேண்டிய இடமே வராது; அங்கே எலிமென்ட் வரியில் யுவி-க்கு இடம் கிடையாது, விட்டுவிடலாம். அங்கே எலிமென்ட் எண், வகை, டேக்குகளின் (அடையாள எண்களின்) எண்ணிக்கை, டேக்குகள், புள்ளிகள், அவ்வளவுதான். முதல் டேக் பௌதிகக் குழு (ஒரே மெட்டீரியலோ நிபந்தனையோ கொடுக்கச் சேர்த்து வைத்த தொகுப்பு), இரண்டாவது வடிவக் கூறு என்பது வழக்கம். பிசிநர்-ஐ முதலாவதிலும் சர்ஃப்நர்-ஐ இரண்டாவதிலும் வையுங்கள்.

ஆனால் எதிர்த்திசையில் வோல் கோப்பு எழுதும்போது ‘யுவி’ தலைப்பைப் போட்டு எல்லாவற்றையும் 0 என்று நிரப்பினால், கோப்பு அழகாகத் திறக்கும், படமும் சரியாகத் தெரியும். மெஷ்ஷை நுணுக்கும்போதுதான், அதாவது இன்னும் சிறு துண்டுகளாக்கும்போதுதான் வினை. பக்கத்தின் நடுவில் புதிதாக வரும் புள்ளியை வளைபரப்பின் மேல் கொண்டுபோய் வைக்க அந்த யுவி எண்களைத்தான் நெட்ஜென் ஆரம்ப ஊகமாக எடுத்துக்கொள்கிறது. எல்லாம் 0 என்றால் புள்ளி பரப்பின் வேறு மூலைக்கு இழுபடலாம். யுவி தெரியவில்லை என்றால் பொய் எண் வேண்டாம். ஜியோம்டைப் 0 என்று போட்டு, வால் இல்லாத சாதாரணத் தலைப்பில் எழுதுங்கள். தலைப்புச் சொல்லில் எழுத்துப்பிழை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். லோட் தனக்குத் தெரியாத சொல்லைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கடைசியில் முக்கோணமே இல்லாத மெஷ் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: இரண்டாம் படி எலிமென்ட்களில் நடுப்புள்ளிகளின் வரிசை இரண்டிலும் ஒன்றல்ல. நெட்ஜெனின் ஆறு புள்ளி முக்கோணத்தில் நான்காவது புள்ளி 2-க்கும் 3-க்கும் நடுவில், ஐந்தாவது 1-க்கும் 3-க்கும், ஆறாவது 1-க்கும் 2-க்கும். ஜிமெஷ்ஷில் நான்காவது 1-க்கும் 2-க்கும் நடுவில், ஐந்தாவது 2-3, ஆறாவது 3-1. பத்துப் புள்ளி நான்முகியிலும் இதே கதை. நெட்ஜெனில் 5 முதல் 10 வரை 1-2, 1-3, 1-4, 2-3, 2-4, 3-4 என்று போகும். ஜிமெஷ்ஷில் 1-2, 2-3, 3-1, 4-1, 3-4, 2-4. மாற்றாமல் விட்டால் எலிமென்ட் முறுக்கிக்கொள்ளும், ஆனால் மூலைகளை மட்டும் இணைத்துக் காட்டும் படத்தில் அது தெரியாது. ஒவ்வொரு நடுப்புள்ளியையும் அதன் இரு மூலைகளின் சராசரியோடு ஒப்பிட்டு, தூரம் பக்க நீளத்தில் கால் பங்கைத் தாண்டினால் கத்தும்படி நாலு வரி எழுதி வையுங்கள். நான்முகியின் கனஅளவையும் குறியோடு கணக்கிடுங்கள். முதல் புள்ளியிலிருந்து மற்ற மூன்றுக்கும் திசையன் எடுத்து முப்பெருக்கம் போட்டால் போதும். எல்லாம் மைனஸில் வந்தால் வரிசை மரபுதான் வேறு, இரண்டு புள்ளிகளை இடம் மாற்றினால் தீர்ந்தது. சில மட்டும் மைனஸ் என்றால் நீங்கள் எங்கோ ஒரு நெடுவரிசை தள்ளிப் படிக்கிறீர்கள், அல்லது மெஷ்ஷே கெட்டிருக்கிறது.

இந்த நிரலை மற்றவர்களுக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பொருளை எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வையுங்கள்: மூல நிரலில் பார்த்தது, சோதித்துப் பார்த்தது, ஊகம். அந்த ஆறு எண்களைத் ‘திசையன், ஊகம்’ என்று முதல் நாளே எழுதியிருந்தால் 6.28-ஐப் பார்த்த நிமிடமே எதைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்து கோளத்தைப் போட்டுப் பாருங்கள். யு 0 முதல் 2π வரை, வி −π/2 முதல் π/2 வரை வர வேண்டும். துருவத்தில் இருக்கும் புள்ளிக்கு யு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கே முக்கோணத்துக்கு முக்கோணம் எண் மாறினால் உங்கள் நிரலைச் சந்தேகப்பட வேண்டாம்.